ஜெனெபெச்சின் பதினேழு மணி நேரம்

"அவ்வளவு தூரம் போனியே, வழியில எத்தனை மணி நேரம் ஆச்சு?"

ஆறு வருஷத்துக்கு முன்னால், எல்லோரும் மரியாதையாகக் 'காஷே' என்று கூப்பிடும் பெரியவர் அஸ்ராத் கேட்ட கேள்வி அது. வாஷிங்டனில் அக்கா மகளின் பிரசவத்துக்குத் துணை இருந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ஜெனெபெச் அப்போதுதான் திரும்பியிருந்தாள். அட்டிஸ் அபாபாவின் குலெலே பகுதியில் அவர்கள் இருந்த சந்திலிருந்து விமானம் ஏறியவர்கள் பலர். திரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது.

"பதினேழு மணி நேரம், காஷே. நடுவுல ஏதோ ஒரு ஊர்ல இறக்கி எண்ணெய் போட்டாங்க. மொத்தம் பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்னு எதிர்ல இருந்த திரையில எழுதியிருந்துச்சு."

"அடேயப்பா," என்றார் காஷே அஸ்ராத். அதற்கு மேல் கேட்கவில்லை.

திரும்பி வந்ததைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நல்லவேளை. வரும்போது, பயத்துக்கென்று அக்கா மகள் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறிய இடத்தில் கண்ணை மூடியவள், பக்கத்து இருக்கைக்காரர் தோளைத் தட்டி "ஊர் வந்துடுச்சும்மா" என்றபோதுதான் விழித்தாள்.

அன்றிலிருந்து சந்தில் யாருக்கு எந்தத் தூரம் வேண்டுமானாலும் ஜெனெபெச்சின் கடைக்குத்தான் வருவார்கள். டல்லாஸ்? "இருபது." பெய்ரூட்? "நாலு, அஞ்சு." ஸ்டாக்ஹோம்? வெங்காயத்தைத் தராசில் போட்டபடி கொஞ்சம் யோசித்து, "குளிர் காலத்துலயா, வெயில் காலத்துலயா?" என்று கேட்பாள். கேட்டவர்களுக்கு மரியாதை கூடிவிடும்.

இப்போது, மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை காலை, அந்த வாஷிங்டனிலிருந்தே அவளுக்கு போன் வந்தது. பேசியவள் காஷே அஸ்ராத்தின் தம்பி மகள் மஹ்லெத்.

"அக்கா, அப்பா போயிட்டாரு."

ஜெனெபெச் வெங்காய மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியப்பாவுக்கு இப்போதைக்குத் தெரியக்கூடாது. அப்பாவை ஊருக்கே கொண்டு வர்றோம். சனிக்கிழமை காலையில பதினொரு மணிக்கு இங்க விமானம் கிளம்புது. அதுவரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்."

"அழாதே கண்ணு. உன் பெரியப்பா காதுல ஒரு ஈ கூட இதைச் சொல்லாது. நான் இருக்கேன்."

சாவுச் செய்தியை அட்டிஸ் அபாபாவில் போனில் சொல்ல மாட்டார்கள். தனியாக இருப்பவரிடம் சொல்ல மாட்டார்கள். பசியோடு இருப்பவரிடமும் சொல்ல மாட்டார்கள். முந்தின நாள் வயிறாரச் சாப்பிட வைத்து, ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கவிட்டு, பொழுது விடியும்போது சொந்தமும் அக்கம்பக்கமும் ஒன்றாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். திறப்பவருக்கு அத்தனை முகங்களைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிடும். மீதியைச் சொல்லும்போது தாங்கிக்கொள்ளக் கைகள் இருக்கும்.

ஜெனெபெச்சுக்கு அப்படி வாய்க்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், லாரி ஓட்டப் போன அவள் கணவனைப் பற்றி ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து முகம் தெரியாத ஒருவன் கூப்பிட்டுச் சொன்னான். "நீங்க அவரோட மனைவியா? அடையாள அட்டையோட வந்து உடலை வாங்கிக்கோங்க." அப்போது தராசில் ஒரு கிலோ வெங்காயம் இருந்தது. எதிரே நின்ற பெண் "இதுல ரெண்டு அழுகல், மாத்திக் குடு" என்றாள். ஜெனெபெச் மாற்றிக் கொடுத்தாள். மாற்றிக் கொடுத்தோமே என்பதுதான் இன்றுவரை அவளுக்கு ஆறவில்லை.

அதன் பிறகு, இந்தச் சந்தில் இன்னொருவருக்கு அப்படி நடக்கக் கூடாது என்று சந்தின் துக்கச் சங்கத்தில் செய்தி சொல்லும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் பதினான்கு சாவுகள். ஒன்றுகூட முன்கூட்டிக் கசிந்ததில்லை.

இது பதினைந்தாவது. எல்லாவற்றிலும் கஷ்டமானதும் இதுதான். காஷே அஸ்ராத்துக்கு எழுபத்திரண்டு வயது. பழைய ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. இதயம் பலவீனம், திடீர் அதிர்ச்சி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உலகத்தில் அவருக்கென்று மிஞ்சியிருந்தது தம்பி யில்மா ஒருவர்தான். அந்தத் தம்பியும் வாஷிங்டனில் டாக்சி ஓட்டிக்கொண்டு, "அடுத்த வருஷம் வந்துடறேன்" என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

*

சங்கத் தலைவர் சார்ஜென்ட் ஷிஃபெராவ், கடையின் பின்கட்டில் நாலு பேரைக் கூட்டினார்.

"முதல்ல நேரத்தை முடிவு பண்ணணும். பதினொரு மணிக்குக் கிளம்புதுன்னா, அவங்க பதினொண்ணா, நம்ம பதினொண்ணா?"

"அவங்களோடது," என்றாள் ஜெனெபெச். "அவங்க நடுராத்திரியிலிருந்து மணியை எண்ணுவாங்க."

"ஊரே தூங்குறப்போ நாளை ஆரம்பிச்சா யாருக்குத் தெரியும்?" என்றார் சார்ஜென்ட். பொழுது விடிந்ததிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுதான் மனிதனுக்கு அழகு என்பது அவர் கட்சி. அந்த ஊரே அப்படித்தான் எண்ணியது.

ஜெனெபெச் ஒரு காகிதப் பையைக் கிழித்துக் கணக்குப் போட்டாள். "அங்க காலை பதினொண்ணுன்னா இங்க பொழுது சாயுற நேரம். சனிக்கிழமை பொழுது சாயறதுலேருந்து பதினேழு மணி நேரம். அதுல பன்னிரண்டு ராத்திரிக்குப் போயிடும். மிச்சம் அஞ்சு. ஞாயித்துக்கிழமை, விடிஞ்சு அஞ்சு மணி நேரத்துல யில்மா வந்து இறங்குவாரு."

"பதினேழு நிச்சயமா?"

ஜெனெபெச் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "போயிட்டு வந்தது நானா, நீங்களா?"

சார்ஜென்ட் அடங்கினார். விடியும்போது செய்தி சொல்வது. அழுது ஓய்ந்து, முகம் கழுவி, ஒரு வாய் காப்பியாவது குடித்த பிறகு, சந்தில் வேன் ஓட்டும் தாமெனெயின் வண்டியில் எல்லோரும் ஒன்றாக விமான நிலையம் போவது. தனித்தனியாக யாரும் கிளம்பக் கூடாது என்பது சங்கத்தின் பழைய விதி. அழப் போகிறவர்கள் சேர்ந்துதான் போக வேண்டும்.

"அதுவரைக்கும்," என்றாள் ஜெனெபெச், "அவர் போனை வாங்கி வச்சிக்கணும். எவனாவது அனுதாபம் சொல்றேன்னு கூப்பிட்டுத் தொலைச்சிடுவான்."

அவளே போய்க் கேட்டாள். "என் போன் கெட்டுப்போச்சு, காஷே. ரெண்டு மூணு நாளைக்கு உங்களோடதைக் குடுக்கறீங்களா?"

"எடுத்துக்கோ மகளே," என்று உடனே கொடுத்துவிட்டார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை காலை, காஷே அஸ்ராத் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, அரிசி மூட்டைக்கும் கரி மூட்டைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன காஷே?"

"இன்னைக்கு வியாழக்கிழமை. யில்மா கூப்பிடுற நாள். போன் உன்கிட்டதானே இருக்கு? அதான் இங்கேயே உக்காந்துடலாம்னு."

ஜெனெபெச்சின் கை தராசிலேயே நின்றது. "அது... காஷே, அமெரிக்காவுக்கு லைன் இல்லையாம். கடலுக்கு அடியில கம்பி அறுந்துடுச்சாம்."

மிளகாய்த்தூள் வாங்க வந்து நின்ற போகலெச் திரும்பினாள். "என்னது அறுந்துடுச்சு? கொஞ்ச நேரம் முன்னாடிதானே எம் மக டல்லாஸ்லேருந்து அரை மணி நேரம் பேசினா!"

ஜெனெபெச் அவள் காலை மிதித்தாள்.

"ஐயோ! ஏம்மா மிதிக்கிற?"

"டல்லாஸுக்கு வேற கம்பி," என்றாள் ஜெனெபெச். "அறுந்தது வாஷிங்டன் கம்பி மட்டும்தான்."

காஷே அஸ்ராத் ரயில்வே ஆளுக்குரிய அக்கறையோடு கேட்டார். "எப்படி அறுந்துச்சாம்?"

"சுறா கடிச்சிடுச்சாம்."

அவர் வெகுநேரம் யோசித்தார். "பாவம்," என்றார் கடைசியில். "அதுக்கு ஷாக் அடிச்சிருக்குமே."

சாயங்காலத்துக்குள் விஷயம் சந்து முழுக்கப் பரவிவிட்டது. வாஷிங்டனில் பிள்ளைகள் இருந்த மூன்று வீட்டுப் பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு கடை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். நாலாவது வீட்டில், அதே சமயம் வாஷிங்டன் மகனோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சார்ஜென்ட் வீடு வீடாகப் போய், வாஷிங்டனோடு பேசுகிறவர்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. புதன்கிழமை ஐந்து பேருக்குத் தெரிந்த ரகசியம், வியாழக்கிழமை முடிவதற்குள் நாற்பது பேருக்குத் தெரிந்துவிட்டது.

நாற்பது பேரும் காஷே அஸ்ராத்தைப் பார்த்தால் புன்னகைக்கத் தொடங்கினார்கள். அதுவரை அவரைப் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போனவர்கள்தான். இப்போது நிறுத்தி நலம் விசாரித்தார்கள். "தம்பி எப்படி இருக்காரு, காஷே?" என்று ஒருவர் பதற்றத்தில் கேட்டுவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"நல்லாத்தான் இருப்பான்," என்றார் அவர். "கம்பியைக் கட்டட்டும், கேட்டுச் சொல்றேன்."

*

வெள்ளிக்கிழமை கூடாரத்தால் வந்தது வினை.

மழைக்காலம் முழுக்க மடித்துக் கிடந்ததில், சாவு வீடுகளில் கட்டும் சங்கத்தின் கூடாரம் பூசணம் பிடித்திருந்தது. கழுவிக் காய வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை கட்ட முடியாது. காய வைப்பதற்குச் சந்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது காஷே அஸ்ராத்தின் வாசலுக்கு நேர் எதிரே. அவர் மதியம் தூங்கும் நேரமாகப் பார்த்து விரித்தார்கள். அன்றைக்கென்று அவர் தூங்கவில்லை.

"யாரு போனது?" என்று வாசலில் நின்று கேட்டார்.

சார்ஜென்ட்தான் முதலில் வாயைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"யாரும் போகலை! எல்லாரும் வர்றாங்க! கல்யாணம்!"

"அப்படியா! யாருக்கு?"

சார்ஜென்ட் ஷிஃபெராவ் எல்லைப் போரில் ஒரு குண்டைத் தோளில் வாங்கியவர். ஆனால் இந்தக் கேள்விக்கு அவரிடம் தயாரிப்பு இல்லை. கண்ணில் முதலில் பட்ட ஆளைக் கைகாட்டினார்.

"ஜெனெபெச்சுக்கு."

ஜெனெபெச்சின் கையிலிருந்த சோப்பு வாளி கீழே விழுந்தது.

"சொல்லவே இல்லையே மகளே!" காஷே அஸ்ராத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "மாப்பிள்ளை எந்த ஊரு?"

"வாஷிங்டன்," என்றார் சார்ஜென்ட், இன்னும் ஆழமாகத் தோண்டியபடி.

"பேரு?"

இப்போது எல்லோரும் ஜெனெபெச்சைப் பார்த்தார்கள். மூன்று நாளாக அவள் தலைக்குள் ஒரே ஒரு பெயர்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு ஆண்பிள்ளைப் பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"யில்மா," என்றாள்.

சோப்புத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடும் சத்தம் கேட்டது.

காஷே அஸ்ராத் மெல்லத் தலையாட்டினார். "நல்ல பேரு. எந்தம்பி பேரு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. அந்தப் பேரு வச்சவன் வர்றேன்னு சொன்னா, வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் நம்பாதே."

கேட்டுக்கொண்டே வந்த போகலெச்சுக்கு, ரகசியம் தெரிந்த நாற்பது பேரில் தானும் ஒருத்தி என்பது ஒரு கணம் மறந்துபோயிற்று. அடித்தொண்டையிலிருந்து நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பக்கத்து வீடுகளிலிருந்தும் குலவை கிளம்பியது. விதவையாய் ஒன்பது வருஷம் வெங்காயம் விற்றவளுக்கு நல்ல காலம் வந்துவிட்டதே என்று தெருமுனை வரைக்கும் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி அவள் கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டுவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும், நீ அங்க மூணு மாசம் இருந்தப்பவே தெரியும்" என்று அழுதாள்.

சாயங்காலம் காஷே அஸ்ராத் ஒரு பெரிய குடுவைத் தேனோடு வந்தார்.

"கல்யாணத்துக்குத் தேன் மது காய்ச்ச. உனக்கு அப்பா இல்லை. மாப்பிள்ளை வீட்டுல பேசுறதுக்கு நான் நிக்கறேன்."

ஜெனெபெச் தேனை வாங்கிக்கொண்டாள். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பதினான்கு சாவுகளை மறைத்தபோதெல்லாம் அவள் பொய் சொன்னதில்லை, சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். இந்த மனிதருக்கோ, தம்பி செத்துக் கிடக்கும்போது தேன் சுமந்துகொண்டு வர வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உண்மை தெரிந்த பிறகு இந்தக் குடுவையை அவர் எப்படிப் பார்ப்பார்? முகம் தெரியாத எவனாவது போனில் சொல்லியிருந்தாலே இதைவிட மேல் என்று நினைத்துவிட்டால்?

அன்று ராத்திரி அவள் செய்தி சொல்லும் முதல் வாக்கியத்தை ஏழு விதமாக மாற்றிப் பார்த்தாள். எதுவும் சரிப்படவில்லை.

*

சனிக்கிழமை சாயங்காலம், அங்கே வாஷிங்டனில் விமானம் ஏறும் நேரத்தில், காஷே அஸ்ராத்தை வயிறாரச் சாப்பிட வைக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டிலிருந்து கொடுத்தால் போதும். ஆனால் நாற்பது பேருக்கு விஷயம் தெரியும், நாற்பது பேருக்கும் மனசு இருந்தது. ஏழு வீடுகளிலிருந்து கோழிக் குழம்பு வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு முழுக் கோழி, பன்னிரண்டு முட்டை. மேசை நிறைந்து கட்டிலுக்கும் போயிற்று.

"என்னை என்ன, அறுக்கறதுக்கா கொழுக்க வைக்கிறீங்க?" என்றார் அவர்.

"கல்யாணச் சாப்பாடு, காஷே. முன்கூட்டியே," என்றாள் ஜெனெபெச்.

"அப்போ நீயும் உக்காரு. கல்யாணப் பொண்ணு பட்டினி கிடக்கக் கூடாது."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். அவர் இஞ்சேரா ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, வழக்கப்படி அவள் வாயில் ஊட்டினார். விழுங்குவதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "காரம்," என்றாள்.

"ஆமா, காரம்தான்," என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு முட்டையை நடுவில் பிளந்தபடி கேட்டார். "ஒரு சந்தேகம் மகளே. இங்கேருந்து அங்க போறதுக்குப் பதினேழு மணி நேரம்னு சொன்னே. அங்கேருந்து இங்க வர்றதுக்கும் பதினேழுதானா?"

"அதே வழிதானே, காஷே. எந்தப் பக்கத்துலேருந்து நடந்தா என்ன?"

"இல்லை, எங்க ரயில்ல ஜிபூட்டியிலிருந்து மலையேறி வர்றதுக்கு ஒரு நேரம், இறங்கிப் போறதுக்கு ஒரு நேரம் ஆகும். அதனால கேட்டேன்."

"விமானத்துக்கு மேடு பள்ளம் ஏது? ஆகாசத்துல எல்லாம் ஒரே மட்டம்தான்."

"அதுவும் சரிதான்," என்றார் காஷே அஸ்ராத். "நீ போயிட்டு வந்தவ." பாதி முட்டையை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது முப்பது பேர் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு காஷே அஸ்ராத்தின் கதவுக்கு முன்னால் நின்றார்கள். பலமான இரண்டு ஆண்கள் முன்வரிசையில், தாங்கிப் பிடிக்க. போகலெச்சிடம் தண்ணீர்ச் சொம்பு. ஜெனெபெச்சின் உதட்டில் எட்டாவது வாக்கியம்.

கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. மறுபடி தட்டினார்கள். சார்ஜென்ட் தள்ளிப் பார்த்தார். கதவு திறந்துகொண்டது.

படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. மீந்த குழம்புச் சட்டிகள் ஏழும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர் இல்லை.

"யாரோ சொல்லிட்டாங்க," என்றாள் ஜெனெபெச். "யாரு? யாரு சொன்னது? ராத்திரியில தனியாக் கேட்டிருக்காரு மனுஷன்."

யாரும் சொல்லவில்லை என்று வந்திருந்த அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். இரண்டு பேர் கோயிலுக்கு ஓடினார்கள், இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு. சார்ஜென்ட் பழைய ரயில் நிலையத்தில் போய்ப் பார்க்கச் சொல்லி ஓர் ஆளை அனுப்பினார். சந்தின் முனையில் நிற்க வேண்டிய தாமெனெயின் வேனையும் காணவில்லை. ஜெனெபெச் வாசற்படியில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கோ சாலையோரத்தில் விழுந்து கிடக்கும் ஒரு கிழவரை, கண்ணை மூடினாலும் திறந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்து ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். அவள் போன் அடித்தது. மஹ்லெத்.

"அக்கா, இறங்கிட்டோம்."

"எங்க இறங்கினீங்க? எண்ணெய் போடவா?"

"அட்டிஸ் அபாபாவுல, அக்கா."

"இருக்க முடியாது. இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. நல்லா வெளியில பாரு, வேற ஊரா இருக்கும்."

"அக்கா, இங்கேருந்து கிளம்புற விமானம்தான் நடுவுல நிக்கும். நம்ம ஊரு மலை மேல இருக்குல்ல, காத்து லேசு. எண்ணெயை முழுசா நிரப்பினா எழும்பாது. பாதி எண்ணெயோட எழும்பி, வழியில இறங்கிப் போட்டுக்கிட்டுப் போகும். அதான் பதினேழு. அங்கேருந்து வர்றப்போ நிக்கவே வேண்டாம். பதிமூணு மணி நேரம்தான். உங்களுக்குத் தெரியாதா? நீங்க வந்திருக்கீங்களே!"

சுற்றி நின்ற முப்பது பேரும், ஆறு வருஷமாக அவளிடம் தூரம் கேட்டவர்கள், ஜெனெபெச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகலெச் மட்டும் தணிந்த குரலில், "அப்போ டல்லாஸ் இருபது இல்லையா?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் தாமெனெயின் வேன் சந்துக்குள் திரும்பியது. ஓட்டி வந்தவனைத் தவிர உள்ளே ஒருவரும் இல்லை. கூட்டத்தைப் பார்த்ததும் தாமெனெயின் முகம் மாறியது.

"காஷே எங்கடா?" என்று சார்ஜென்ட் கதவைப் பிடித்தார்.

"கோயிலுக்குப் போயிருக்காரு."

"எந்தக் கோயிலு?"

"அது... விமான நிலையத்துப் பக்கம் ஒரு கோயிலு."

"தாமெனெ," என்றாள் ஜெனெபெச். அவ்வளவுதான் சொன்னாள்.

தாமெனெ இறங்கி, வேனில் சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டான். "அவரு சொல்லாதேன்னாரு, அக்கா. விடியறதுக்கு முன்னாடியே நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவருக்குப் புதன்கிழமையே தெரியும். மஹ்லெத் முதல்ல அவர்கிட்டதான் சொல்லியிருக்கா. உங்களைக் கூப்பிட்டு அப்படிப் பேசுன்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்ததே அவருதான்."

"எதுக்கு?" என்றார் சார்ஜென்ட். "எதுக்குடா இந்த நாடகம்?"

"'ஊரு கூடி அழ ஆரம்பிச்சிட்டா அப்புறம் அவனைப் பத்தி நல்லது மட்டும்தான் பேசணும், முப்பது வருஷமா வர்றேன் வர்றேன்னு ஏமாத்தினவனை நான் ஆசை தீரத் திட்டணும், ஜெனெபெச் கணக்குல எனக்கு நாலு மணி நேரம் கிடைச்சிருக்கு, நீ திருத்திடாதே'ன்னாரு."

சார்ஜென்ட் தொண்டையைச் செருமினார். "அதுக்காக நெஞ்சு வலிக்காரரை அங்க தனியா விட முடியுமா? ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க!"

முப்பது பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். ஜெனெபெச் ஓட்டுநர் பக்கமாகச் சுற்றிப் போனாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவினாள். போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் முனையில் அதை முடிந்துகொண்டு, "இன்னும் நாலு மணி நேரம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சந்தில் இறங்கி நடந்தாள்.